முதற்பிடி அரிசி

இலங்கையின் கிழக்குக் கரையில், வீரமுனையில் எங்கள் அம்மம்மாவின் அடுப்படியில் இரண்டு அரிசிப் பானைகள் இருந்தன. பெரியது அன்றாடச் சமையலுக்கு. சிறியதன் வாயைத் தேங்காய்ச் சிரட்டையால் மூடி வைத்திருப்பார். பெரிய பானையில் இருந்து சுண்டால் அளந்து சுளகில் கொட்டி, புடைத்து, கல் பொறுக்கி, உலையில் போடப் போகும் நேரத்தில் அதிலிருந்து ஒரு பிடியை அள்ளிச் சிறிய பானைக்குள் போடுவார். நாளுக்கு இரண்டு உலை, இரண்டு பிடி. மாதத்தில் அறுபது பிடி. விருந்தாளி வந்து அரிசி பற்றாமல் போன நாளிலும் அந்தப் பிடி தவறியதில்லை.

மிஞ்சினால் வைத்தால் போதாதா என்று சிறுவனாக நான் ஒரு நாள் கேட்டேன். "மிஞ்சினா வெப்பம் எண்டு இருந்தா எந்தக் காலத்திலயும் மிஞ்சாது மனே. சமைக்க முன்னுக்கே எடுத்துரணும்" என்றார்.

அந்தச் சிறிய பானை அரிசிக்குப் பல வேலைகள் இருந்தன. பிள்ளையார் கோவில் பொங்கலுக்கு அதிலிருந்துதான் போகும். பக்கத்து வளவில் உலை கொதித்து அரிசி இல்லாத நாளில் ஒரு கொத்து அதிலிருந்துதான் வேலிக்கு மேலால் கை மாறும். மாரி மழை தொடங்கி, வேலையும் நின்று, பெரிய பானையும் அடி காட்டுகிற கார்த்திகை மார்கழியில் வீட்டைத் தாங்கியதும் அதுவே. சம்மாந்துறையில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் இருந்தார்; அம்மா அவரை ராத்தா என்று கூப்பிடுவார். அவர் வீட்டிலும் அப்படி ஒரு பானை உண்டு. அங்கே அது பள்ளிவாசலுக்கும் ஓதப் படிக்கிற பிள்ளைகளின் சாப்பாட்டுக்கும் போனது. பிடியரிசி என்ற பெயர் இரு ஊருக்கும் பொது.

இது எங்கள் கரைக்கு மட்டும் உரிய பழக்கமும் இல்லை. இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மிசோரம் மலைகளில், பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைப் பெண்கள் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைக்கும் வழக்கத்தை 1910இல் தொடங்கினார்கள். காசே அரிதாக இருந்த மலைக் கிராமங்கள் அவை. அந்த அரிசியைத் திரட்டி விற்று ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள், திருப்பணி செய்தார்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாய் அந்தப் பிடிகளில் இருந்தே வருகிறது. அம்மம்மாவும் அந்த மலைப் பெண்களும் ஒருவரை ஒருவர் அறியார்கள். இருவரும் கண்டுகொண்டது ஒன்றே: சேமிப்பு செலவுக்கு முன்னால் வர வேண்டும், கையில் உள்ள பண்டத்திலேயே வர வேண்டும், யாரும் பசி கிடக்காத அளவில் வர வேண்டும்.

1924 ஒக்டோபரில் இத்தாலியின் மிலான் நகரில் உலகச் சேமிப்பு வங்கிகளின் முதல் மாநாடு கூடியது. அதன் கடைசி நாளான 31ஆம் திகதியை உலக சிக்கன தினமாக அறிவித்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அந்த நாளில் கட்டுரைப் போட்டி நடக்கும். உண்டியல் படம் வரைவோம். சிறு துளி பெருவெள்ளம் என்று தொடங்குவோம். சேமிக்காதவன் ஊதாரி, ஏழ்மை ஊதாரித்தனத்தின் பிள்ளை என்பதே அந்தக் கட்டுரைகளின் உள்ளடக்கம். நானும் அப்படி எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். இன்று அந்தக் கட்டுரையைத் திருத்தி எழுத வேண்டியவனாக இருக்கிறேன். எங்கள் ஊரின் எழுபது எண்பது வருடக் கதையைப் பார்த்தால், எங்கள் மக்கள் சேமிக்காமல் கெட்டதாக நான் எங்கும் காணவில்லை. சேமித்தது கையில் நிற்காமல் போனதையே திரும்பத் திரும்பக் காண்கிறேன்.

முதலில் நெல்லைச் சொல்ல வேண்டும். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழும்பி, சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வருவதற்கு முன்பும் பின்பும் சம்மாந்துறை, வீரமுனை, நிந்தவூர் வட்டைகளில் விளைந்த நெல்லின் ஒரு பங்கு வீட்டுக்கு வந்தே தீரும். நிலத்துக்குச் சொந்தக்காரரான போடியார் வீட்டுக்கு வண்டி வண்டியாக வரும். அந்த வயலைச் செய்கிற முல்லைக்காரன் வீட்டுக்குச் சாக்குக் கணக்கில் வரும். அறுவடைக்குப் போன பெண்ணின் கூலியும் நெல். களவெட்டியில் சூடு மிதித்து, பொலி பொலி என்று குரல் கொடுத்து நெல்லைக் குவித்த பிறகு, அந்தக் குவியலில் கோவிலுக்கு ஒரு பங்கு, வண்ணாருக்கும் நாவிதருக்கும் கொல்லருக்கும் பங்கு. முஸ்லிம் விவசாயி சக்காத்தை ஒதுக்குவார்: மழை நீரில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, செலவு செய்து நீர் பாய்ச்சியதற்கு இருபதில் ஒன்று. எல்லாம் முடிந்து வயல் வெறுமையான பின், எதுவும் இல்லாதவர்கள் இறங்கிக் கதிர் பொறுக்குவார்கள். அப்படிப் பொறுக்கியே மூன்று மாதச் சோற்றுக்கு நெல் சேர்த்த பெண்களை எனக்குத் தெரியும்.

அந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. போடியாருக்கும் முல்லைக்காரனுக்கும் இடையிலான கணக்கு நீதியான கணக்கு இல்லை. விதைநெல்லைக் கடனாக வாங்கி, அறுவடையில் அதைக் கட்டி, மறுபடி கடனில் விதைத்தவர்கள் பலர். ஆனாலும் வீட்டுக்குள் நெல் இருந்தது. நெல் இருக்கிற வீட்டில் சிக்கனம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு: எத்தனை சாக்கை அவிப்பது, எத்தனை சாக்கை விற்பது, எதை விதைக்கு வைப்பது என்று ஒரு பெண் உட்கார்ந்து கணக்குப் போடலாம். போகத்தின் தொடக்கத்தில் நெல் விலை ஏறும்வரை காத்திருக்கலாம்.

இப்போது அறுவடை இயந்திரம் வயலுக்கு வருகிறது. 2004 சுனாமிக்குப் பிறகு பரவியதால் இங்கே அதற்குச் சுனாமி மெசின் என்றே பெயர் விழுந்தது. வெட்டி, அடித்து, தூற்றி, சில மணி நேரத்தில் ஈர நெல்லை மூட்டையாகக் கொட்டிவிட்டுப் போகிறது. காயவைக்க இடமில்லை, மெசின் கூலி, உரக்கடைக் கடன், உழவு கூலி எல்லாம் வயல் வரம்பிலேயே நிற்கின்றன. ஈர நெல் லொறியில் ஏறி ஆலைக்குப் போகிறது, அதுவும் வருடத்தில் நெல் விலை மிகவும் தாழ்ந்து கிடக்கிற வாரங்களில். ஆறேழு மாதம் கழித்து அதே வீடு அதே நெல்லை அரிசியாக, ஆலைக்காரர் வைத்த விலைக்கு, கிலோக் கணக்கில் வாங்குகிறது. நாட்டுக்கே சோறு போடுகிற மாவட்டத்தில் விவசாயி வீட்டில் அரிசிப் பானை கடையை நம்பி இருக்கிறது. கதிர் பொறுக்க வந்த பெண்ணுக்கு மெசின் எதையும் விட்டுவைப்பதில்லை. இதைத்தான் நான் எங்கள் ஊரின் மிகப் பெரிய, மிகவும் சத்தமில்லாத இழப்பு என்று சொல்வேன்.

நெல் இல்லாத வீட்டுக்கு அரசாங்கம் இருந்தது. 1942இல் பர்மா ஜப்பானின் கையில் விழுந்து அரிசிக் கப்பல் நின்றபோது பங்கீடு வந்தது. கூப்பன் அரிசி என்ற சொல்லும் கோதுமை மாவும் எங்கள் வீடுகளுக்குள் அப்போது நுழைந்தவை. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதத்துக்கு உயர்த்தினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் போய்க் கூடியது. இரண்டு மாதத்தில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1970களில் இறக்குமதி சுருங்கி பாண் கியூவும் மரவள்ளிக் கிழங்குமாக நாட்கள் போயின. 1978இல் கூப்பன் மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. 1979இல் அரிசிக்குப் பதிலாக உணவு முத்திரை. அரிசி என்று இருந்தவரை ஒரு கொத்து ஒரு கொத்தாகவே இருந்தது. முத்திரையில் அச்சிட்ட ரூபாவோ விலைவாசியோடு கரைந்தது. பண்டம் காசாக மாறிய அந்த இடத்தில்தான் ஏழை வீட்டின் தலையில் ஒரு புதிய ஆபத்து ஏறியது. பிறகு வந்த நிவாரணத் திட்டங்களான ஜனசவிய, சமுர்த்தி, இப்போதைய அஸ்வெசும எல்லாம் காசுக் கணக்குகளே.

எங்கள் பக்கத்துச் சேமிப்பின் பெரிய நோக்கம் ஒன்று உண்டு. அது தெரியாமல் இங்கு எந்தக் குடும்பத்தின் வரவு செலவும் விளங்காது. கிழக்குக் கரையில் தமிழர் ஆனாலும் முஸ்லிம்கள் ஆனாலும் மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்வது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் பின் வளவில் சிறியதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு, அடுத்தவளுக்குக் கல் அடுக்கத் தொடங்குவார்கள். மூன்று மகள்கள் என்றால் மூன்று வீடு. ஒரு கூலிக்காரர் வீட்டில் பெண் பிள்ளை பிறந்த அன்றே சிக்கனம் பிறந்துவிடும்: மீனுக்குப் பதில் கருவாடு, கருவாட்டுக்குப் பதில் முருங்கை இலைச் சொதி, பெருநாளானாலும் சித்திரை வருடமானாலும் ஒரே உடுப்பு. வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போன எங்கள் பெண்களில் பலர் இந்த வீட்டுக்காகவே போனார்கள்.

அந்த வீட்டுக்குக் காசு சேர்த்துக் கொடுத்தது சீட்டு. இருபது பெண்கள், மாதம் 2,000 ரூபா, குலுக்கி எடுத்தால் ஒருத்திக்கு ஒரே கையில் 40,000. ராத்தா பிடித்த சீட்டில் எங்கள் அம்மாவும் இருந்தார். முறையை ஏலத்தில் எடுக்கிற கழிவுச் சீட்டு வேண்டாம், அதில் வட்டி கலக்கிறது என்று ராத்தா குலுக்குச் சீட்டு மட்டுமே பிடித்தார். இந்துப் பெண்களுக்கும் அதில் ஆட்சேபம் இருக்கவில்லை. காசு கட்டப் போகிற நாளில் ஒரு வீட்டின் சுகதுக்கம் இன்னொரு வீட்டுக்குத் தெரிந்துவிடும். ஒருத்தியின் புருஷன் நோயில் கிடந்தால் மற்றவர்கள் தங்கள் முறையை விட்டுக்கொடுத்து அவளை முன்னுக்கு எடுக்க விடுவார்கள். எந்த வங்கியின் விதிக் கொப்பியிலும் இந்த ஏற்பாட்டை நான் கண்டதில்லை. எங்களிடம் இருந்த நிறுவனங்களில் மிகவும் நேர்மையானது இதுதான் என்பது என் துணிபு.

1990இல் போர் அதையும் அறுத்தது. ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 12, எங்கள் வீரமுனைப் பிள்ளையார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஹர்த்தால் நடந்த அதே திகதி. எங்கள் ஊரில் அது இப்போது இந்த ஒரு காரணத்துக்காகவே நினைக்கப்படுகிறது. உயிரோடு தப்பியவர்கள் உடுத்த துணியோடு போனார்கள். வீடுகள் எரிந்தன. அம்மம்மாவின் இரண்டு பானைகளும் அங்கேயே போயின. எங்கள் அம்மாவுக்கு அந்த வருடச் சீட்டில் இன்னும் முறை வரவில்லை. கேட்க வழியும் இல்லை, கொடுக்க வழியும் இல்லை. உயிர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய இழப்பு இல்லை என்பதால் நாங்கள் அதை யாரிடமும் சொன்னதில்லை. பல வருடம் கழித்து ராத்தா எங்களைத் தேடி வந்து, கொப்பியில் இருந்த கணக்கைக் காட்டி, அம்மா கட்டிய காசைக் கையில் வைத்துவிட்டு அழுதார். அந்தக் காசின் பெறுமதி அதற்குள் கரைந்துவிட்டிருந்தது. கணக்கு அழியாமல் இருந்தது.

2004 டிசம்பர் 26 கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள். நாட்டில் எந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் சாகவில்லை. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுதும், அலமாரியில் துணிக்கு அடியில் வைத்த பவுண்களும், மகளுக்கென்று கட்டி முடித்த வீடுகளும் ஒரு காலை நேரத்தில் போயின. வீரமுனைவரை கடல் வரவில்லை. ஓடி வந்தவர்கள் வந்தார்கள்.

போருக்கும் கடலுக்கும் பிறகு வீடு வீடாக வந்தது நுண்கடன். பெண்களைக் குழுவாக உட்காரவைத்து, ஒருத்திக்கு மற்றவர்களைப் பிணையாக்கி, வாரா வாரம் தவணை. சீட்டின் உருவத்தை அது எடுத்துக்கொண்டது, உயிரை விட்டுவிட்டது. சீட்டில் சுழன்றது பெண்களின் சொந்தக் காசு. இங்கே சுழன்றது வெளியார் காசு, அதுவும் வட்டியோடு. தவணை தவறிய பெண்ணின் முற்றத்தில், இருட்டிய பிறகும் எழும்பாமல் உட்கார்ந்திருந்த வசூல்காரரை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்டக் காதில் கிடந்தது ஈட்டுக்கு. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்று நீக்க வேண்டி வந்தது. அதே வருடம் ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஒருவர் இலங்கைக்கு வந்து, நுண்கடனில் பெண்கள் சுரண்டப்படுவதை எடுத்துச் சொல்லிப் போனார்.

இவை எல்லாவற்றையும் தாண்டி, வங்கிப் புத்தகத்தை நம்பியவர்களும் இருந்தார்கள். 1885இல் தொடங்கிய தபாலகச் சேமிப்பு வங்கியும், அதற்கும் முன்னர் 1832இல் தொடங்கிய இலங்கைச் சேமிப்பு வங்கியும் ஒன்றாகி 1972இல் தேசிய சேமிப்பு வங்கி ஆனது. ஓய்வுபெற்ற ஆசிரியர், தபால்காரர், வெளிநாட்டில் இருந்து திரும்பிய பெண் என்று பலரும் அரசாங்கத்தின் சொல்லை நம்பி அதில் போட்டார்கள். 2022 ஏப்ரல் 12 நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி விலைவாசி ஓராண்டில் 69.8 சதவீதம் ஏறியிருந்தது. உணவு மட்டும் 94.9 சதவீதம். முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு அந்த வருடம் 195 ரூபா. சாதாரணச் சேமிப்புக் கணக்கின் வட்டி ஒற்றை இலக்கத்தில் இருந்த காலம் அது. ஒரு சதமும் எடுக்காமல், ஒரு சதமும் வீணாக்காமல் வைத்திருந்த மனிதரின் இருப்பில் ஏறக்குறைய பாதிச் சோறு காணாமல் போயிற்று. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்ததால் எங்கள் வயல்களும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதி சுமையைத் தாங்கியது. வங்கிகளுக்கு விலக்கு கிடைத்தது. தையல் ஆலையில் நின்றுகொண்டே வேலை செய்த பெண்ணின் சேமிப்பு அந்த நிதியில்தான் இருக்கிறது.

ஆகவே ஏழைகளுக்குச் சிக்கனம் படிப்பிக்க வருகிறவர்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இது. எங்கள் மக்கள் நெல்லில் சேர்த்தார்கள், அது எரிந்தது. பவுணில் சேர்த்தார்கள், அது கடலில் போனது. வங்கியில் சேர்த்தார்கள், அது விலைவாசியில் கரைந்தது. சேர்த்ததைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது. ரூபாவின் பெறுமதியைக் காப்பது, சேமலாப நிதியைக் காப்பது, அறுவடை வாரத்தில் நெல்லுக்கு உத்தரவாத விலை கொடுத்துக் கொள்வனவு நிலையத்தைத் திறந்து வைப்பது: இவற்றைச் செய்யாத அரசுக்கு ஒக்டோபர் 31இல் பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுக்கும் உரிமை கிடையாது.

எங்களுக்குள்ளும் ஒன்று பேச வேண்டும். அம்மம்மா முதலில் எடுத்த பிடியைப் பெருமையோடு சொன்னேன். கடைசியில் சாப்பிட்டவரும் அவர்தான். எல்லோருக்கும் போட்டு, பானையைச் சுரண்டி, பழஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு எழும்புவார். 2022இல் எங்கள் ஊர்களில் எத்தனையோ தாய்மார் ஒரு வேளையைத் தங்களுக்கு மட்டும் குறைத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டின் சிக்கனம் ஒரே ஆளின் தட்டில் இருந்து வருமானால் அதைச் சிக்கனம் என்று அழைக்க நான் சம்மதியேன். அதன் பெயர் பட்டினி. ஆண்கள் வெற்றிலைக்கும் சிகரெட்டுக்கும் போனின் டேட்டாவுக்கும் செலவழிப்பதை முதலில் கொப்பியில் எழுதுங்கள். பிறகு சமையலறையில் குறைப்பதைப் பற்றிப் பேசலாம். மகள் வீட்டை எவ்வளவு பெரியதாகக் கட்டுவது என்பதிலும் ஊர் கூடி ஒரு அளவு வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு மாடியைப் பார்த்துப் போட்ட மாடி, பத்து வருடக் கடனாக நிற்கிறது.

கோவில் பரிபாலன சபைகளிடமும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைகளிடமும், மாதர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்களிடம் களஞ்சியம் போடக்கூடிய ஒரு மண்டபம் இருக்கிறது, நெல் காயவைக்கக்கூடிய ஒரு முற்றம் இருக்கிறது, ஊரார் நம்புகிற ஒரு கணக்குக் கொப்பி இருக்கிறது. விளைச்சல்காரர் ஒவ்வொருவரும் லொறியில் ஏற்றுமுன் இரண்டு மூட்டையை அங்கே இறக்கட்டும். அதைக் காயவைத்து வையுங்கள். கார்த்திகையில் கேட்டு வருகிற வீட்டுக்கு, கோவிலா பள்ளியா என்று பாராமல், வட்டி இல்லாமல் கொடுத்து அடுத்த அறுவடையில் நெல்லாகவே திருப்பி வாங்குங்கள். ராத்தா வைத்திருந்தது போல ஒரு கொப்பி போதும்.

பெரும்போக அறுவடை பெப்ரவரியில் தொடங்குகிறது. அதற்கு முன்னரே கூடிப் பேசி முடிவெடுத்துவிடுங்கள்.